கரிசல் காட்டில் ஒரு கூடாரம்

1841-ஆம் ஆண்டு கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கணிதத் தேர்வில் முதல் இடம் பிடித்தவர் ஜார்ஜ் கேப்ரியல் ஸ்டோக்ஸ். பொறியியல் கல்லூரிப் பிள்ளைகள் இன்றைக்கும் ‘ஸ்டோக்ஸ் தேற்றம்’ என்று முணுமுணுத்துக்கொண்டே தேர்வு அறைக்குள் நுழைகிறார்களே, அந்த ஸ்டோக்ஸ்தான். அதே தேர்வில் நான்காம் இடத்தில் வந்தவரின் பெயர் எந்தக் கணிதப் புத்தகத்திலும் இல்லை. அவரைச் சிவகாசியில் அடக்கம் செய்திருக்கிறார்கள்.

தாமஸ் கஜேட்டன் ராக்லண்ட் என்பது அவர் பெயர். 1815 ஏப்ரலில் ஜிப்ரால்டரில் பிறந்தவர்; விவரம் தெரியும் முன்பே தாய் தகப்பனை இழந்து உறவினர் கையில் வளர்ந்தவர். கேம்பிரிட்ஜில் கார்ப்பஸ் கிறிஸ்டி கல்லூரியில் படித்து, அங்கேயே ஃபெல்லோ ஆனார். அந்தக் காலத்தில் ஃபெல்லோ என்றால் கல்லூரிக்குள்ளேயே அறை, வேளாவேளைக்குச் சாப்பாடு, ஆண்டு வருமானம், கைக்கெட்டும் தூரத்தில் நூலகம். திருமணம் செய்துகொண்டால் மட்டும் அந்த இடம் பறிபோகும். ராக்லண்ட் கடைசிவரை மணம் முடிக்கவில்லை. ஆனால் அந்த நிழலையும் அவர் விட்டுவிட்டு வந்தார்.

கல்லூரியிலிருந்து சற்றுத் தள்ளி பார்ன்வெல் என்று ஏழைபாழைகள் குடியிருந்த பகுதி. அங்கே உதவிக் குருவாக இருந்தபோதுதான் அவர் மனம் புத்தகத்தை விட்டு மனிதர் பக்கம் திரும்பியது என்று சொல்லலாம். கேம்பிரிட்ஜில் இதற்கு ஒரு முன்கதையும் உண்டு. 1801-இல் கணிதத்தில் முதலிடம் பெற்ற ஹென்றி மார்ட்டின், இந்தியாவுக்கு வந்து, பாரசீகத்துக்குப் போய், 31 வயதில் துருக்கி மண்ணில் இறந்தார். பக்தியுள்ள கேம்பிரிட்ஜ் இளைஞர்களுக்கு அந்தப் பெயர் ஓர் உறுத்தல். ‘நீ மட்டும் இங்கே என்ன செய்துகொண்டிருக்கிறாய்?’ என்று கேட்டுக்கொண்டே இருக்கும் பெயர்.

1845-இல் ராக்லண்ட் கப்பலேறினார். வந்து சேர்ந்த இடம் சென்னை. கிடைத்த வேலை எழுத்து வேலை.

ஆம், எழுத்து வேலைதான். சர்ச் மிஷனெரி சங்கம் எனப்படும் சி.எம்.எஸ்.-இன் சென்னைச் செயலாளர் பதவி. லண்டனிலிருந்து வரும் பணத்துக்குக் கணக்கு, தென்னிந்தியாவெங்கும் இருக்கும் மிஷனெரிகளின் மனுக்கள், சண்டை சச்சரவுகள், வீடு பழுது பார்க்கும் செலவு, விடுப்பு விண்ணப்பம். நற்செய்தி சொல்லக் கடல் தாண்டி வந்தவர், பகலெல்லாம் ஆங்கிலத்தில் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். வெளிநாட்டில் ஊழியம் என்றதும் நம் மனக்கண்ணில் வருவது ஆற்றங்கரையும் ஆலமரத்தடியும். நிஜத்தில் அதில் பெரும்பங்கு பேரேடும் மைக்கூடும். இதை எந்த ஊழியர் வரலாறும் விரித்துச் சொல்வதில்லை. ராக்லண்ட் ஏறக்குறைய எட்டு ஆண்டுகள் இதைச் செய்தார், இடையில் உடம்பு கெட்டு இங்கிலாந்து போய்வந்த காலத்தையும் சேர்த்து.

அந்த வேலையில் ஒரு லாபமும் இருந்தது. செயலாளர் என்ற முறையில் அவர் திருநெல்வேலிக்குப் போய்வர வேண்டியிருந்தது. போனவர் கண்ணில் பட்டது ஒரு விநோதம்.

திருநெல்வேலிச் சீமையின் தென்பகுதியில் அப்போது கிறிஸ்தவம் ஊன்றிவிட்டது. மிஷனெரி ரேனியஸ் ஐயர் 1838-இல் பாளையங்கோட்டையில் மறைந்தபோதே ஊர் ஊராகச் சபைகள் இருந்தன. மெஞ்ஞானபுரம், சாத்தான்குளம், பண்ணைவிளை, சுவிசேஷபுரம், டோனாவூர் என்று பனங்காட்டுக்குள்ளே கோயில்களும் பள்ளிக்கூடங்களும் எழுந்தன. மெஞ்ஞானபுரத்தில் ஜான் தாமஸ் ஐயர் கட்டிய கோபுரம் தேரிக் காட்டில் வெகுதூரத்துக்குத் தெரியும். இடையன்குடியில் கால்டுவெல் இருந்தார். ஒவ்வொரு மிஷனெரிக்கும் சபைகளை மேய்க்கவும், பள்ளிகளைப் பார்க்கவும், வழக்குத் தீர்க்கவுமே நேரம் போதவில்லை.

வடபாதியோ வெறுமையாகக் கிடந்தது. சாத்தூர், சிவகாசி, ஸ்ரீவில்லிபுத்தூர், சங்கரன்கோவில் என்று விரியும் நாடு. கிழக்கே போகப் போகக் கரிசல். பருத்தியும் கம்பும் சோளமும் விளையும் மானாவாரி. மேற்கே மலையடிவாரத்தில் சேத்தூர், சிவகிரி, வாசுதேவநல்லூர், புளியங்குடி என்று வரிசையாக ஊர்கள். மலையிலிருந்து இறங்கும் ஓடைகள், அவற்றைத் தேக்கும் கண்மாய்கள், வயல்கள், ஜமீன் அரண்மனைகள். சிவகிரியில் குன்றின் மேல் பாலசுப்பிரமணியர் கோயில். சங்கரன்கோவிலில் ஆடித் தபசுக்குக் கூடும் கூட்டம். இந்த நாட்டுக்குள் வெள்ளைக்காரப் பாதிரிகளின் காலடி பட்டதில்லை என்று சொல்ல முடியாது. ரோமன் கத்தோலிக்க இயேசு சபையினர் காமநாயக்கன்பட்டியில் எப்போதோ கோயில் கட்டிவிட்டார்கள். வீரமாமுனிவரே அங்கே ஊழியம் செய்திருக்கிறார். ஆனால் சீர்திருத்தச் சபைக்காரர்களுக்கு இங்கே கைவிரல் விட்டு எண்ணக்கூடிய சிறு சபைகளே இருந்தன.

ராக்லண்டின் திட்டம் எளிமையானது, அதனாலேயே கடினமானது. பங்களா கட்டக் கூடாது. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி என்று வேர்விடக் கூடாது. கூடாரம் அடித்து, சுற்றியுள்ள எல்லா ஊர்களுக்கும் போய், முடிந்ததும் கூடாரத்தைச் சுருட்டி அடுத்த இடம் போக வேண்டும். சுற்று முடிந்தால் மறுபடி முதலிலிருந்து. இதற்கு வருகிறவர்கள் குடும்பம் இல்லாதவர்களாக இருந்தால் நல்லது. இங்கிலாந்தில் உடம்பு தேறியதும் இந்தத் திட்டத்தோடு அவர் திரும்பினார். ‘வட திருநெல்வேலி சுற்றுப்பயண ஊழியம்’ 1854-இல் தொடங்கியது.

உடன் நின்றவர்கள் இரண்டு கேம்பிரிட்ஜ் இளைஞர்கள். ஒருவர் டேவிட் ஃபென். இவருடைய தகப்பனார் ஜோசப் ஃபென் கோட்டயத்தில் சிரியன் கிறிஸ்தவர்களின் கல்லூரியை நடத்தியவர்; அண்ணன் தம்பிகளில் இன்னொருவரான கிறிஸ்டோபர் இலங்கையில் மிஷனெரி. இன்னொருவர் ராபர்ட் ரஸ்ட் மெடோஸ். ராக்லண்டுக்கு அப்போது நாற்பதை நெருங்கும் வயது. மற்ற இருவருக்கும் அவர் அண்ணன் முறை என்று வைத்துக்கொள்ளலாம்.

கூடாரம் என்றால் இன்றைய சுற்றுலாக் கூடாரத்தை நினைக்க வேண்டாம். மாட்டு வண்டிகளில் ஏற்றிக் கொண்டுபோகும் கனத்த கித்தான் துணி, கம்பு, கயிறு, முளைகள். தோப்பு கிடைத்தால் தோப்பு நிழலில் அடிப்பார்கள். சிவகிரிப் பக்கம் மாந்தோப்புக்கும் புளியமரத்துக்கும் குறைவில்லை. கரிசலில் அதுவும் இல்லை. ஊருக்கு வெளியே ஒற்றை வேம்பு நின்றால் பெரிது. சித்திரை வைகாசியில் கித்தானுக்குள்ளே உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்பதை அந்த மண்ணில் தகரக் கொட்டகைக்குள் தீப்பெட்டி ஒட்டியவர்களிடம்தான் கேட்க வேண்டும். ஐப்பசி மழையில் வேறு துன்பம். கரிசல் மண் நனைந்தால் வண்டிச் சக்கரம் புதையும். கால் செருப்பில் ஒட்டிய மண் அடிக்கு அடி கூடும்.

நாள் விடியும் முன்பே தொடங்கிவிடும். வெயில் ஏறுவதற்குள் ஓர் ஊரைப் பார்த்துவிட வேண்டும் என்பதால் இருட்டிலேயே கிளம்புவார்கள், நடந்தோ குதிரையிலோ. ஆடு மாடு வெளியே போகும் நேரம், சம்சாரிகள் காட்டுக்குப் புறப்படும் நேரம். அதைத் தவறவிட்டால் ஊரில் கிழவர்களும் குழந்தைகளும்தான் மிஞ்சுவார்கள். மந்தையிலோ மடத்திலோ நின்று பேச வேண்டும். வெயில் ஏறியதும் கூடாரத்துக்குத் திரும்பிச் சாப்பாடு, ஜெபம், தமிழ்ப் படிப்பு, கடிதம். பொழுது சாயும்போது இன்னோர் ஊர். இரவில் விளக்கைச் சுற்றி எல்லோரும் உட்கார்ந்து வேதம் வாசிப்பார்கள். பிறகு தூக்கம். மறுநாளும் இதே.

தமிழ்ப் படிப்பு என்பது லேசுப்பட்ட காரியமில்லை. ரேனியஸ் எழுதிய இலக்கணம் இருந்தது, ராட்லர் தொகுத்த அகராதி இருந்தது, ஜி.யு. போப்பின் தமிழ்க் கையேடு 1855-இல்தான் வந்தது. வின்சுலோ அகராதி வர இன்னும் சில ஆண்டுகள். கையில் வைத்திருந்த புதிய ஏற்பாடு ரேனியஸ் மொழிபெயர்த்தது. புத்தகத் தமிழை ஒருவழியாகப் பிடித்துவிட்டாலும், கரிசலில் அது பாதிதான் உதவும். அங்கே ரெட்டியார்களும் நாயக்கர்களும் வீட்டில் பேசுவது தெலுங்கு. மலையடிவாரத்துப் பேச்சு வேறு இழுவை. ‘என்ன சொல்லுதீக?’ என்று ஒரு கிழவி கேட்டால், கேம்பிரிட்ஜ் கணிதத்தில் தேறியவருக்கும் ஒரு கணம் மூச்சு நின்றிருக்கும்.

அந்த ஊர்க்காரர்கள் இவர்களை என்னவென்று நினைத்திருப்பார்கள்? இதைக் கேட்காமல் இந்தக் கதையைச் சொல்லக் கூடாது. ஊருக்கு வெளியே கூடாரம் அடித்துத் தங்கும் வெள்ளைக்காரர் என்றால் அவர்கள் அறிந்தது கலெக்டர் துரையைத்தான். ஜமாபந்திக்கு அவர் இப்படித்தான் வருவார். அவர் வந்தால் வரி, அளவை, விசாரணை. இப்போது மூன்று வெள்ளைக்காரர்கள், குதிரை, கூடாரம், வேலையாட்களோடு வந்து இறங்கி, ‘வரி கேட்க வரவில்லை’ என்கிறார்கள். நம்புவதற்கு யார் அவ்வளவு ஏமாளி? கும்பினியாரின் ஆட்சி, பிறகு 1857 கலகம், 1858-இல் மகாராணியின் நேரடி ஆட்சி. தெற்கே சிப்பாய்க் கலகம் பரவவில்லை என்றாலும் வெள்ளைத் தோலுக்கும் அதிகாரத்துக்கும் இருந்த தொடர்பை எந்த ஜெபமும் கழுவிவிட முடியாது. நெற்கட்டும்செவலில் பூலித்தேவன் வெள்ளையரை எதிர்த்து நின்று நூறு ஆண்டுகூட ஆகாத மண் அது.

அவர்களுடைய எழுத்துகளை வாசிக்கும்போது இன்னொரு எச்சரிக்கையும் வேண்டும். மிஷனெரிக் கடிதம் என்பது பெரும்பாலும் இங்கிலாந்தில் காணிக்கை தருகிறவர்கள் வாசிப்பதற்காக அச்சேறும் கடிதம். 1849-இலிருந்து சி.எம்.எஸ். அதற்கென்றே ‘சர்ச் மிஷனெரி இன்டெலிஜென்சர்’ என்ற பத்திரிகையை நடத்தியது. இருளைக் கொஞ்சம் கூட்டிச் சொன்னால்தான் விளக்கு பளிச்சென்று தெரியும் என்ற ஆசை அந்த வகை எழுத்து முழுக்க உண்டு. நம் ஊர்த் தெய்வங்களைப் பற்றியும் திருவிழாக்களைப் பற்றியும் அவர்கள் எழுதியவை பல இடங்களில் நமக்குக் கசக்கும். கசக்கத்தான் வேண்டும். ஆனாலும் ராக்லண்டின் கடிதங்களில் ஒரு வேறுபாடு இருக்கிறது. அவற்றில் வெற்றிப் பட்டியல் இல்லை. தன் உடம்பு, தன் மந்தம், தன் ஜெபத்தில் ஏற்படும் சோர்வு இவற்றைப் பற்றி உறவினர்களுக்கு எழுதியவை அதிகம்.

1854-இல்தான் இந்தியா முழுக்க அரையணாத் தபால் தலை வந்தது. கால் தோலா கடிதத்துக்குத் தூரக் கணக்கு இல்லாமல் ஒரே கட்டணம். சிவகாசியிலிருந்து சென்னைக்கு இனி அரையணாதான். ஆனால் இங்கிலாந்துக்கு ஒரு கடிதம் சூயஸ் வழியாகப் போய்ச் சேர வாரக்கணக்கில் ஆகும். பதில் வர அதே அளவு. உடம்பு சரியில்லை என்று ஒருவர் எழுதினால், அங்கே கவலைப்பட்டு எழுதிய பதில் வருவதற்குள் இவருக்குக் குணமாகி மறுபடி காய்ச்சல் வந்திருக்கும். இன்று வெளிநாட்டில் ஊழியம் செய்யும் பிள்ளை ஒன்று வாரம் தவறாமல் அம்மாவிடம் முகம் பார்த்துப் பேசிவிடுகிறது. அந்தக் காலத்துத் தனிமையின் ஆழம் அதற்குத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை.

இதுவரை சொன்னது வெள்ளைக்காரர்களின் கதை. இந்த ஊழியத்தின் சுவாரசியமான பாதி வேறு.

ராக்லண்ட் தன் திட்டத்தில் ஓர் ஏற்பாட்டைச் சேர்த்திருந்தார். தெற்கே உள்ள சபைகள் முறை வைத்து உபதேசியார்களை, அதாவது சபைகளில் போதிக்கும் தமிழ் ஊழியர்களை, வடக்கே அனுப்ப வேண்டும். ஓர் உபதேசியார் ஒரு மாதம் கூடாரத்தோடு இருப்பார்; மாதம் முடிந்ததும் வீடு திரும்புவார்; அடுத்தவர் வருவார். அவருடைய செலவை லண்டன் சங்கம் ஏற்கக் கூடாது; அனுப்பும் சபையே ஏற்க வேண்டும். இந்த ஏற்பாடு நடைமுறைக்கும் வந்தது.

இதன் பொருள் என்னவென்று கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அந்தச் சபைகளில் பெரும்பாலோர் பனையேறிகளும் கூலிக்காரர்களும். தை மாசியில் பாளை விட்டால் ஆவணிவரை பனைதான் வாழ்க்கை. மிச்ச மாதங்களில் கருப்பட்டி விற்ற காசு தீரும்வரை தாக்குப்பிடிக்க வேண்டும். அவர்கள் வீட்டுப் பெண்கள் உலையில் போடும் அரிசியிலிருந்து ஒரு பிடி எடுத்துக் கலயத்தில் போட்டுவைக்கும் பிடியரிசிப் பழக்கம் திருநெல்வேலிச் சபைகளில் தலைமுறைகளாக உண்டு. அப்படிச் சேரும் காணிக்கையைக் கொண்டு தங்களுக்குத் தெரியாத ஊர்க்காரர்களுக்கு ஆள் அனுப்புகிறார்கள். லண்டனில் ஹென்றி வென் என்ற சி.எம்.எஸ். செயலாளர், சபை தன் காலில் தான் நிற்க வேண்டும், தன்னைத்தானே ஆள வேண்டும், தானே பரவ வேண்டும் என்று 1850-களில் கொள்கை வகுத்துக்கொண்டிருந்தார். தேரிக் காட்டு மக்கள் அந்தக் கொள்கையின் மூன்றாம் பகுதியைச் செய்தே காட்டினார்கள்.

உபதேசியார் பக்கமிருந்து பார்த்தால் இந்த ஒரு மாதம் வெளிநாட்டுப் பயணம்தான். வெள்ளைக்காரருக்குச் சிவகிரியும் மெஞ்ஞானபுரமும் ஒன்றுபோல அந்நியம். உபதேசியாருக்கோ மெஞ்ஞானபுரம் சொந்தம்; சிவகிரி பரதேசம். அங்கே செம்மணல், பனை, பதநீர், கடற்காற்று. இங்கே கருமண், பருத்தி, கம்பங்கூழ், மலைக்காற்று. அங்கே தெருவில் போனால் ‘வாங்கய்யா’ என்று திண்ணையில் இடம் கொடுப்பார்கள். இங்கே ஊரும் சாதியும் விசாரித்த பிறகே பேச்சு. ஊர்க் கிணற்றில் எல்லோரும் நீர் எடுக்க முடியாத காலம். சில தெருக்களுக்குள் சிலர் நுழையக் கூடாத காலம். துரை குதிரையில் போனால் யாரும் தடுக்க மாட்டார்கள்; பின்னால் நடந்துபோகும் கறுத்த உபதேசியாரை நிறுத்தி, ‘நீ யாருடே?’ என்பார்கள். அவமானத்தின் பெரும்பங்கு அவர் தோளில்தான் விழுந்திருக்கும்.

ஆனால் பேசி முடித்த பிறகு ஊர்க்காரர்கள் கேள்வி கேட்பது அவரிடம்தான். துரையின் தமிழ் புரியாதபோது அதைத் தமிழாக்கிச் சொல்வது அவர். எந்த மரத்தடியில் நின்றால் கூட்டம் சேரும், எந்த ஊரில் வாயைத் திறக்காமல் நடையைக் கட்டுவது நல்லது என்று முகர்ந்து அறிவதும் அவர். ராக்லண்டைப் பற்றி 1861-இல் கேம்பிரிட்ஜின் தாமஸ் பெரோன் நூல் எழுதினார். 1922-இல் டோனாவூரிலிருந்து ஏமி கார்மைக்கேல் அம்மையார் இன்னொன்று எழுதினார். மாதம் ஒருவராக வந்துபோன உபதேசியார்களில் ஒருவரைப் பற்றியேனும் அப்படி ஒரு புத்தகம் வந்திருந்தால் அந்த நாளின் சிவகிரிச் சாலை இன்னும் தெளிவாகத் தெரிந்திருக்கும். மூன்று கேம்பிரிட்ஜ்காரர்களின் விசுவாசத்தைவிட இந்த உபதேசியார்களின் விசுவாசமே கடினமானது என்று தோன்றுகிறது. அவர்கள் முயன்று தோற்றுத் திரும்பினாலும் கல்லூரியில் அறை காத்திருக்கவில்லை.

பலன்?

மிகக் குறைவு. நாலரை ஆண்டுகள் வடதிசை ஊர்களைச் சுற்றிச் சுற்றி வந்தும், தெற்கே ரேனியஸ் காலத்தில் ஊர் ஊராகச் சேர்ந்ததுபோல இங்கே எதுவும் நடக்கவில்லை. கேட்டார்கள், துண்டுப் பிரசுரம் வாங்கிக்கொண்டார்கள், தலையாட்டினார்கள், காட்டு வேலைக்குப் போனார்கள். கரிசல் சம்சாரி யார் வந்து என்ன சொன்னாலும் முழுதாகக் கேட்டுவிட்டு, ‘மழை எப்போ வரும்னு சொல்லுங்க’ என்பான். அந்தப் பொறுமையும் எகத்தாளமும் மிஷனெரிக்கு மட்டும் என்று வைத்திருந்ததல்ல.

இந்த இடத்தில்தான் ராக்லண்டின் விசுவாசம் எத்தகையது என்று தெரிகிறது. கணிதக்காரர், விடை வராத கணக்கோடு உட்கார்ந்திருக்கப் பழகியவர். யோவான் சுவிசேஷத்தில் இயேசு சொல்லும் கோதுமை மணி உவமையை அவர் தன் ஊழியத்துக்கே திட்டமாக எடுத்துக்கொண்டார். நிலத்தில் விழுந்து சாகாத மணி தனியாகவே கிடக்கும். செத்தால் பலன் தரும். பலனுக்கு வழி தேடி எத்தனை திட்டம் தீட்டினாலும் இதைவிட நிச்சயமானது இல்லை என்ற கருத்தில் எழுதினார். கோதுமை விளையாத சீமையில் இருந்துகொண்டு எழுதினார் என்பதையும் சொல்ல வேண்டும். கம்பு என்று எழுதியிருந்தால் சாத்தூர்க்காரர்களுக்கு உடனே விளங்கியிருக்கும். இந்தக் கருத்துதான் ஏமி கார்மைக்கேலைப் பின்னாளில் இழுத்தது. கணக்குக் காட்டி ஊக்கம் கொடுக்கும் மிஷனெரி எழுத்து அந்த அம்மையாருக்குப் பிடிக்காது. ஆகவே கணக்கே இல்லாத ஒருவரைத் தேடி எடுத்துக்கொண்டார்.

ராக்லண்டின் நுரையீரல் ஏற்கெனவே பழுதாகியிருந்தது. சென்னையில் இருந்தபோதே ஊருக்கு அனுப்பும் அளவுக்கு நோய் வந்துபோனவர். அப்படிப்பட்டவர் கூடார வாழ்க்கைக்கு வந்திருக்கவே கூடாது என்று எந்த வைத்தியரும் சொல்வார். புழுதி, வெயில், இரவுப் பனி, திறந்தவெளியில் உரத்த குரலில் பேச்சு. 1858 அக்டோபர் 22 அன்று சிவகாசியில் திடீரென ரத்தம் கக்கினார். பக்கத்தில் ஃபென் இருந்தார். சிறிது நேரத்தில் முடிந்துவிட்டது. வயது 43. அங்கேயே அடக்கம் செய்தார்கள். பட்டாசும் தீப்பெட்டியும் சிவகாசிக்கு வர அப்போது இன்னும் அறுபத்துச் சொச்சம் ஆண்டுகள் இருந்தன.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஃபென்னும் மெடோஸும் விட்டுப் போகவில்லை. ஆனால் கூடாரத் திட்டம் அப்படியே நீடிக்கவும் இல்லை. சிலர் கிறிஸ்தவராகச் சேர்ந்ததும் அவர்களுக்குக் கோயில் வேண்டும், பிள்ளைகளுக்குப் பள்ளி வேண்டும், பெண்பிள்ளைகளுக்கு விடுதி வேண்டும். சிவகாசிக்குப் பக்கத்தில் சாட்சியாபுரம் எழுந்தது. எதைக் கட்டக் கூடாது என்று ராக்லண்ட் நினைத்தாரோ அதுவே கட்டப்பட்டது. அவர் இருந்திருந்தால் அவரும் கட்டியிருப்பார். ஓர் ஊரில் பத்துக் குடும்பம் நம்பி வந்த பிறகு கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு போவது எப்படி?

1876–78 தாது வருஷப் பஞ்சத்துக்குப் பிறகு திருநெல்வேலிச் சீமையில் ஆயிரக்கணக்கானோர் சபைகளில் சேர்ந்தார்கள். கஞ்சிக்காகச் சேர்ந்தார்களா, கஞ்சி ஊற்றியவர்களின் அன்புக்காகச் சேர்ந்தார்களா என்ற வாதம் அன்றே நடந்தது, இன்றும் ஓயவில்லை. பசியில் இருந்தவனிடம் அந்தப் பிரிவினையைக் கேட்பது கொஞ்சம் அநியாயம். 1877-இல் இடையன்குடிக் கால்டுவெல்லும் சார்ஜெண்ட் என்ற இன்னொரு திருநெல்வேலி மிஷனெரியும் கல்கத்தாவில் ஒரே நாளில் பிஷப்புகளாக அபிஷேகம் பெற்றார்கள். ஃபென் மறுவருஷம் காலமானார்.

உபதேசியார்களின் மாத முறை என்ன ஆயிற்று? அந்த ஏற்பாடு தேய்ந்து மறைந்தது. ஆனால் எங்கோ ஒரு பழக்கம் தங்கிவிட்டது என்று சொல்லத் தோன்றுகிறது. வெள்ளாளன்விளை என்ற தேரிக் காட்டு ஊரில் குருவானவர் ஒருவரின் மகனாக 1874-இல் பிறந்தவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. ஒய்.எம்.சி.ஏ. செயலாளராக ஊர் ஊராகச் சுற்றியவர். 1902-இல் யாழ்ப்பாணம் போனார். அங்கே தமிழ் மாணவர்கள் தாங்களே சங்கம் வைத்து, தங்கள் காசில், கடல் தாண்டித் தொண்டிப் பக்கம் ஓர் ஊழியரை அனுப்பியிருந்ததைக் கண்டார். நம்மைவிடச் சிறிய சபைக்காரர்கள் செய்கிறார்களே என்று அவருக்கு உறைத்தது. திரும்பி வந்ததும் நண்பர்களைக் கூட்டினார். 1903 பிப்ரவரி 12 அன்று பாளையங்கோட்டையில் திருநெல்வேலி இந்திய மிஷனெரி சங்கம் பிறந்தது. இந்திய ஆட்கள், இந்தியப் பணம், இந்திய நிர்வாகம் என்பது அதன் விதி. வெளிநாட்டிலிருந்து ஒரு காசு வாங்கக் கூடாது.

போக வேண்டிய இடமாகத் தேர்ந்தது நிஜாமின் சீமையில் தோர்ணக்கல் பகுதி. மொழி தெலுங்கு, அரசு வேறு, சாப்பாடு வேறு, காடு வேறு. முதல் மிஷனெரியாகச் சாமுவேல் பாக்கியநாதன் போனார். கேம்பிரிட்ஜ்காரர்கள் தமிழில் பட்ட பாட்டை இப்போது திருநெல்வேலிக்காரர் தெலுங்கில் பட வேண்டியிருந்தது. 1909-இல் அசரியாவே குடும்பத்தோடு அங்கே குடியேறினார். சங்கத்தை நிறுவிவிட்டு மற்றவரை அனுப்பிக்கொண்டிருப்பது சரியில்லை என்று பட்டது அவருக்கு. தெலுங்கு எழுத்தைச் சிறுபிள்ளைபோல் கற்றார். மாட்டு வண்டியில் ஊர் சுற்றினார். 1912 டிசம்பர் 29 அன்று கல்கத்தாவில் பிஷப்பாக அபிஷேகம் பெற்றபோது ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்திய பிஷப் அவர்தான். 1945 புத்தாண்டு நாளில் அவர் இறந்தபோது தோர்ணக்கல் மறைமாவட்டத்தில் இரண்டு லட்சத்துக்கும் மேல் கிறிஸ்தவர்கள் இருந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் மாலா, மாதிகா என்னும் ஒடுக்கப்பட்ட மக்கள்.

அசரியா சேர்த்த பணத்தில் பிடியரிசிக் காசும் இருந்தது. அனுப்பும் சபை செலவை ஏற்க வேண்டும் என்ற விதி 1854-இல் வடக்கே போன உபதேசியார்களுக்கும் இருந்தது, 1903-க்குப் பின் தோர்ணக்கலுக்குப் போனவர்களுக்கும் இருந்தது. முன்னதிலிருந்து பின்னது முளைத்தது என்று எழுதிக் கையெழுத்துப் போட ஆதாரம் வேண்டும். ஆனால் ஐம்பது ஆண்டு இடைவெளியில் ஒரே மாவட்டத்தில் இரண்டு முறை நடந்ததை வெறும் தற்செயல் என்று ஒதுக்கவும் மனம் வரவில்லை.

தென்னிந்தியத் திருச்சபை 1947 செப்டம்பர் 27 அன்று உருவானது. இப்போது சிவகாசியும் சாட்சியாபுரமும் மதுரை-ராமநாதபுரம் திருமண்டலத்தில் இருக்கின்றன. சங்கரன்கோவில் பக்கம் திருநெல்வேலித் திருமண்டலத்தில். ராக்லண்டின் கூடாரம் சுற்றிவந்த நாட்டை இரண்டு பிஷப்புகள் பார்த்துக்கொள்கிறார்கள். 2019-இல் தென்காசி மாவட்டம் பிரிந்தபோது அரசாங்கமும் தன் பங்குக்கு எல்லையை மாற்றியது; ஒரு காலத்தில் சங்கரன்கோவில் தாலுகாவுக்குள் இருந்த சிவகிரி இன்று தனித் தாலுகா. ராஜபாளையத்திலிருந்து தென்காசி போகும் பேருந்துகள் சிவகிரியில் நின்று போகின்றன. தெற்கே திருநெல்வேலிச் சபைகளில் பிறந்து வடஇந்தியாவில் ஊழியம் செய்யும் இளைஞர்கள் விடுமுறையில் ஊருக்கு வரும்போது, அவர்களுடைய பிள்ளைகள் இந்தியில் பேசுவதைப் பாட்டிகள் புரியாமல் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.